ஒர்கோன் வீட்டு விருந்தாளி

பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1 ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகத்தை நம்மிடம் ஒப்படைத்தார்கள். 1962 ஆகஸ்ட் 16 இல் சட்டப்படியும் விடைபெற்றுக்கொண்டார்கள். ஆனாலும் எங்கள் வில்லியனூரும் பாகூரும் இன்றும் கொம்யூன்களாகவே இருக்கின்றன. ஒரு பிரெஞ்சு எழுத்தும் தெரியாத குடியானவர்கூட, "கொம்யூன் ஆபீசுக்குப் போய் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறார். ஆட்சிச் சொற்களை இப்படி நம் வாயில் விட்டுப்போனவர்கள், தங்கள் நாடகாசிரியரையும் விட்டுப்போயிருக்கலாம். பட்டணத்துப் பள்ளிகளில் மொலியேரைப் பாடமாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர் ஊசுட்டேரியைத் தாண்டிக் கிராமத்துக்குள் வரவேயில்லை. எங்கள் கூத்து மேடையில் அவருடைய 'தார்த்துஃப்' ஏறவேயில்லை. இதை ஒரு நஷ்டம் என்றே நான் கருதுகிறேன்.

எதற்கு இப்போது இந்தப் பழைய நாடகம் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. வில்லியனூர் கடைத்தெருவில் நடந்து போனால், சினிமாச் சுவரொட்டிகளுக்குப் பக்கத்திலேயே வேறொரு வகைச் சுவரொட்டியைப் பார்க்கலாம். மூன்று நாளில் உங்களை மாற்றுகிறோம், பயத்தை ஒழிக்கிறோம், உள்ளே உறங்கும் ஆற்றலை எழுப்புகிறோம், பணத்தைக் கவரும் மனத்தைத் தருகிறோம். படத்தில் இருப்பவர் சில சமயம் காவி உடுத்தியிருக்கிறார். சில சமயம் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்திருக்கிறார். உடை எதுவானாலும் சிரிப்பு ஒன்றுதான். இந்தச் சிரிப்பைப் புரிந்துகொள்ள 1664 இல் எழுதப்பட்ட நாடகம் எனக்கு உதவுவதுபோல வேறெதுவும் உதவவில்லை.

கதை சுருக்கமானது. ஒர்கோன் வசதியுள்ள குடும்பஸ்தன், முட்டாள் அல்ல. கோயிலில் உருகி உருகிப் பிரார்த்தனை செய்யும் ஓர் ஏழை பக்தனைப் பார்க்கிறான். வீட்டுக்கு அழைத்துவந்து விருந்தாளியாக வைத்துக்கொள்கிறான். அந்த விருந்தாளிதான் தார்த்துஃப். பிறகு வீட்டில் அவன் வைத்ததே சட்டம். ஒர்கோன் தன் மகளை அவனுக்குக் கட்டிவைக்கத் துணிகிறான். அவனைக் குற்றம் சொன்ன மகனை வெளியே துரத்துகிறான். சொத்து முழுவதையும் அவன் பேருக்கு எழுதிக் கொடுக்கிறான். கடைசியில், மனைவியின் யோசனைப்படி ஒரு மேஜைக்கடியில் ஒளிந்துகொண்டு, விருந்தாளி தன் மனைவியிடமே தகாத வார்த்தை பேசுவதைக் காதால் கேட்ட பிறகுதான் கண் திறக்கிறது. அதற்குள் வீடு கைமாறிவிட்டது.

இந்த நாடகத்தை வஞ்சகன் ஒருவனைப் பற்றிய நாடகம் என்று சொல்பவர்கள் பாதிதான் படித்திருக்கிறார்கள். தார்த்துஃப் மேடைக்கு வருவதே மூன்றாம் அங்கத்தில். முதல் இரண்டு அங்கங்களிலும் நாம் பார்ப்பது ஒர்கோனைத்தான். ஊருக்குப் போய்த் திரும்பியவனிடம், மனைவி காய்ச்சலாய்க் கிடந்தாள் என்று வேலைக்காரி சொல்கிறாள். அவனோ விருந்தாளி எப்படியிருக்கிறார் என்று கேட்கிறான். அவர் வயிறு புடைக்கத் தின்று சுகமாகத் தூங்கினார் என்று தெரிந்ததும், ஐயோ பாவம் என்று அவருக்காக இரங்குகிறான். இது ஒரு முறை அல்ல, திரும்பத் திரும்ப நடக்கிறது. சபை சிரிக்கிறது. கொஞ்ச நேரத்தில் அதே ஒர்கோன், குருவின் உபதேசத்தால் பந்தபாசங்கள் அறுந்துவிட்டன, தாயும் மனைவியும் மக்களும் செத்துப்போனாலும் இனிக் கவலையில்லை என்று பெருமையோடு சொல்லும்போது சிரித்த வாய் அப்படியே நின்றுவிடுகிறது. மொலியேர் தம் குழுவில் தார்த்துஃப் வேஷத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, ஒர்கோன் வேஷத்தைத் தாமே போட்டுக்கொண்டார். ஏமாற்றுகிறவனைவிட ஏமாறுகிறவனே நடிக்கக் கடினமான பாத்திரம் என்பதை அவர் அறிந்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

நம் பக்கத்துக் கதைகளிலும் சினிமாக்களிலும் போலிச் சாமியாருக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலும் அவர் ஒரு சிரிப்புப் பாத்திரம். ஒட்டுத்தாடி, உருட்டு விழி, கடைசிக் காட்சியில் போலீஸ். அவரை நம்பியவர்கள் கூட்டத்தில் கும்பிட்ட கைகளாக மட்டுமே வருகிறார்கள். அந்தக் கைகள் யாருடையவை, ஏன் குவிந்தன என்று கேட்பாரில்லை. இதனால் ஒரு தீமை விளைந்திருக்கிறது. தாடியும் விழியும் இல்லாமல், சவரம் செய்த முகத்தோடு, நல்ல தமிழும் நடுநடுவே ஆங்கிலமும் பேசிக்கொண்டு ஒருவர் வந்து நின்றால், இவர் அந்த ஜாதியில்லை என்று நாம் நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறோம்.

வாழ்க்கை முன்னேற்றப் பயிற்சி என்பது புதிய சரக்கு அல்ல. 1859 இல் சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பவர் சுயமுயற்சியைப் பற்றி எழுதிய நூல் உலகமெங்கும் விற்றது. 1936 இல் டேல் கார்னகியின் புத்தகம் வந்தது. இவற்றை நான் பெரிய இலக்கியமாக மதிப்பதில்லை. ஆனால் இவற்றால் ஆபத்து இல்லை. புத்தகம் அலுப்புத் தட்டினால் மூடி வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போகலாம். ஒரு வரி பிடிக்காவிட்டால் ஓரத்தில் கோடு போட்டு "இது பொய்" என்று எழுதலாம். ஆசிரியர் மேடையிலிருந்து இறங்கி வந்து, எல்லார் முன்னிலையிலும் "உன் தகப்பனை நீ வெறுப்பதால்தான் இப்படிச் சொல்கிறாய்" என்று நம்மைக் கேட்க முடியாது.

புத்தகம் மண்டபமாக மாறியபோதுதான் சங்கதி வேறாயிற்று. 1971 இல் அமெரிக்காவில் வெர்னர் எர்ஹார்ட் என்பவர் 'எஸ்ட்' என்ற பயிற்சியைத் தொடங்கினார். இரண்டு வார இறுதிகள், ஏறத்தாழ 60 மணி நேரம். நூற்றுக்கணக்கானோர் ஒரே மண்டபத்தில் உட்கார வேண்டும். இடைவேளை அபூர்வம். கைக்கடிகாரம் கூடாது, பக்கத்தில் இருப்பவரோடு பேசக்கூடாது, நினைத்தபோது சிறுநீர் கழிக்க எழுந்து போகவும் கூடாது. பயிற்சியாளர் திட்டுவார். மனிதர்கள் ஒலிபெருக்கி முன் நின்று தங்கள் அந்தரங்கத்தைக் கொட்டி அழுவார்கள். மற்றவர்கள் கைதட்டுவார்கள். 1984 இல் அந்தப் பயிற்சி நின்றது. அந்த வழியில் பிறகு வந்தவை கடுமையைக் குறைத்துக்கொண்டன. ஆனால் அமைப்பின் எலும்புக்கூடு அப்படியே உலகமெங்கும் நடந்து வந்துவிட்டது. மூடிய மண்டபம், நீண்ட நேரம், பொதுவில் கண்ணீர், கைதட்டல், கடைசி நாளில் அடுத்த நிலைக்கு முன்பணம், அதற்கடுத்து "உங்களுக்கு வேண்டியவர்களை அழைத்து வாருங்கள்" என்ற அன்புக் கட்டளை.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் இந்த மண்டபத்தை நான் ஒரு கதையாகத்தான் விமர்சிக்க முடியும். அங்கே எழுந்து நின்று அனுபவம் சொல்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கதைதான். தாழ்ந்து கிடந்தேன், வந்தேன், உடைந்தேன், எழுந்தேன். பெயரும் தொழிலும்தான் மாறுகின்றன. குடிகாரருக்கும், பரீட்சையில் தவறிய மாணவிக்கும், கணவனை இழந்தவளுக்கும் ஒரே திருப்பம், ஒரே முடிவு. இப்படி ஒரு சிறுகதைத் தொகுதி என்னிடம் மதிப்புரைக்கு வந்தால், ஒரே கதையைப் பன்னிரண்டு தடவை எழுதியிருக்கிறார் என்று இரண்டே வரியில் முடித்துவிடுவேன். மனிதருடைய கஷ்டம் அவரவர் வீட்டு வாசற்படிபோலத் தனித்தனியானது. அதை ஒரே அச்சில் வார்த்தால் அது இலக்கியமாகாது, உண்மையும் ஆகாது.

அடுத்தது மொழி. ராபர்ட் ஜே லிப்டன் என்ற அமெரிக்க மனநோய் மருத்துவர், சீனாவில் 'சிந்தனைச் சீர்திருத்த'த்துக்கு ஆளாகி வெளியே வந்தவர்களோடு பேசி 1961 இல் ஒரு நூல் எழுதினார். மனிதனை முழுதும் வளைத்துக்கொள்ளும் சூழலுக்கு எட்டு அடையாளங்கள் சொன்னார். அவற்றில் ஒன்று, யோசனையை முடித்துவைக்கும் சொற்கள். இயக்கத்துக்கென்று சில வார்த்தைகள் இருக்கும். எந்தக் கேள்வி வந்தாலும் அந்த வார்த்தையை எடுத்து மேலே வைத்தால் கேள்வி அடங்கிவிடும்.

இது எனக்குப் புத்தகத்தில் மட்டும் தெரிந்த விஷயமல்ல. பாகூர்ப் பக்கத்தில் ஒரு தையற்காரர். நான் பள்ளியில் படித்த நாளிலிருந்து எனக்குச் சட்டை தைக்கிறவர். அவர் மகன் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். நண்பன் அழைத்தானென்று ஒரு மூன்று நாள் பயிற்சிக்குப் போனான். திரும்பி வந்தவன் தாயின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டான், தகப்பனைக் கட்டிக்கொண்டான். பெற்றவர்கள் பூரித்துப் போனார்கள். அடுத்த நிலைக்கு ஒரு கறவைமாட்டின் விலை கேட்டார்கள், கொடுத்தான். அதற்கடுத்த நிலைக்குத் தங்கையின் நகை அடகுக்கடைக்குப் போயிற்று. பிறகு ஆள் சேர்க்கும் வேலை வந்தது. தொழிற்சாலை வேலை நின்றது. ஏன் என்று கேட்ட தகப்பன் 'எதிர்மறை மனிதர்' ஆகிவிட்டார். அவர் எது சொன்னாலும் அந்த ஒரு சொல்தான் பதில்.

அந்தப் பெரியவர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "தம்பி, பையன் குடிக்கலை, சீட்டாடலை. பேசறதெல்லாம் நல்லதாத்தான் பேசறான். ஆனா அவன் பேசறாப்பல இல்லை தம்பி. யாரோ அவன் வாயில உக்காந்து பேசறாப்பல இருக்கு."

லிப்டன் புத்தகமாக எழுதியதை அந்த மனிதர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொல்லிவிட்டார். போன பணம் ஒரு நஷ்டம்தான், உழைத்தால் மீட்கலாம். ஒருவன் தன் சொந்தப் பேச்சை இழப்பது வேறு விஷயம். நான் அவருக்குச் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: பணத்துக்கு இனி இல்லை என்று சொல்லுங்கள், சோற்றுக்கு இல்லை என்று சொல்லாதீர்கள். வாசற்கதவைச் சாத்திவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மண்டபத்தைத் தவிர வேறு வீடில்லாமல் போய்விடும். அவன் இன்னும் அங்கே போய்க்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் நாள்கிழமைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறான்.

பணத்தின் அளவு எங்கே போய் நிற்கும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டாம். தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் ஆந்திரத்தில் வரதையபாளையம் இருக்கிறது. 1980களில் தொடங்கி, 'ஒருமை' என்ற தத்துவத்தைச் சொன்ன கல்கி பகவானின் ஸ்தாபனம் அங்கே வளர்ந்தது. தங்கிப் பயிலும் வகுப்புகளுக்கு வெளிநாட்டார் உட்படப் பலர் கட்டணம் கட்டி வந்தார்கள். 2019 அக்டோபரில் வருமான வரித்துறை அந்தக் குழுமத்துக்குரிய சுமார் 40 இடங்களில் சோதனை செய்தது. ரொக்கம் 43.9 கோடி ரூபாய், 25 லட்சம் அமெரிக்க டாலர், 88 கிலோ தங்க நகை, வைரம் எல்லாம் கிடைத்ததாகவும், கணக்கில் காட்டாத வருமானம் 500 கோடிக்கு மேல் என்றும் துறை அறிவித்தது. ஸ்தாபகர் தாம் நாட்டை விட்டு எங்கும் போய்விடவில்லை என்று அறிக்கை விட்டார். வரிக் கணக்கு ஒரு தத்துவத்தை மெய்யென்றோ பொய்யென்றோ காட்டிவிடாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும், ஆசையை விடச் சொல்லும் வகுப்பிலிருந்து 88 கிலோ தங்கம் எப்படி விளைகிறது என்று கேட்க ஒருவன் நாஸ்திகனாக இருக்க வேண்டியதில்லை.

பணத்தோடு நிற்காத இடங்களும் உண்டு. அமெரிக்காவில் 1998 இல், தொழில் வெற்றிக்கான பயிற்சி என்று சாதுவாகத் தொடங்கியது கீத் ரனீரி என்பவரின் 'நெக்ஸியம்'. படித்தவர்களும் பணக்காரர்களும் நடிகைகளும் அதில் சேர்ந்தார்கள். நிலைக்கு ஒரு நிறத்தில் மேல்துண்டு கொடுத்தார்கள். கடைசியில் அதன் உள்வட்டத்தில் பெண்களின் உடம்பில் சூடுபோட்டு அடையாளம் வைத்தது வெளியே வந்தது. 2019 இல் ரனீரி குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று; 2020 இல் 120 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தார்கள். பாமரர்கள்தான் ஏமாறுவார்கள் என்று எண்ணுகிறவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும்.

இங்கே ஆர்.கே. நாராயண் 1958 இல் எழுதிய 'தி கைடு' நாவலை நினைத்துக்கொள்வது நல்லது. சிறையிலிருந்து வெளியே வந்து பாழடைந்த கோயிலில் ஒதுங்கிய ராஜுவுக்குச் சாமியாராகும் எண்ணமே இல்லை. வேலன் என்ற கிராமத்தான் எதிரே வந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறான். அந்தப் பார்வைதான் ராஜுவைச் சாமியாராக்குகிறது. மொலியேர் வஞ்சகனிலிருந்து தொடங்கி நம்புகிறவனிடம் போகிறார் என்றால், நாராயண் நம்புகிறவனிலிருந்து தொடங்கி வஞ்சகனிடம் வருகிறார். ஊரார் கொடுத்த வேஷம் உண்ணாவிரதத்தில் முடிந்து, கடைசியில் வேஷமா மெய்யா என்று அவனுக்கே தெரியாமல் போகிறது. இது பெரிய கலை. ஆனால் இதில் எனக்கு ஒரு குறையும் உண்டு. நாராயணின் கருணை முழுவதும் ராஜுவின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. வேலன் கடைசிவரையில் வேலனாகவே நிற்கிறான். அந்த உண்ணாவிரதத்துக்குப் பிறகு அவன் வீட்டில் என்ன ஆயிற்று என்று நாவல் சொல்வதில்லை. நான் தேடுவது வேலனின் கதையை.

இவ்வளவும் எழுதிவிட்டு, எல்லா ஆசிரமத்தையும் இழுத்து மூடு என்று நான் சொன்னால் அது பேதைமை. ஒர்கோன் கண் திறந்ததும் என்ன செய்கிறான் தெரியுமா? இனிப் பக்திமான்கள் எவரையும் நம்பேன், அவர்களைப் பேயைப்போல் வெறுப்பேன் என்று குதிக்கிறான். அவனுடைய மைத்துனன் கிளேயாந்த் அவனைத் தடுத்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தாவாதே என்கிறான். நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

'மூளைச்சலவை' என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் எடுத்து வீசுவதும் எனக்கு உடன்பாடல்ல. எட்வர்ட் ஹண்டர் என்ற பத்திரிகைக்காரர் 1950 இல் ஆங்கிலத்தில் பரப்பிய சொல் அது. இத்தகைய குழுக்களைப் பற்றித் தனக்கு வந்த ஓர் அறிக்கையை, விஞ்ஞானக் கண்டிப்புப் போதாது என்று 1987 இல் அமெரிக்க உளவியல் சங்கமே ஏற்க மறுத்துவிட்டது. மனிதன் சலவைத் துணி அல்ல. போகிறவன் ஏதோ ஒரு பசியோடுதான் போகிறான். நம் வீட்டில் அவனை யாராவது ஒரு மணி நேரம் குறுக்கிடாமல் பேசவிட்டிருக்கிறோமா என்று யோசித்துப் பாருங்கள். மண்டபத்தில் விடுகிறார்கள்.

சட்டத்துக்கும் எல்லை உண்டு. கோயம்புத்தூர் ஈஷா யோக மையத்தில் இருக்கும் தம் பெண்கள் இருவரைப் பற்றி ஒரு தந்தை போட்ட ஆட்கொணர்வு மனுவை 2024 அக்டோபர் 18 இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. இருவரும் வயது வந்தவர்கள்; விருப்பத்தோடுதான் இருக்கிறோம் என்று அவர்களே சொன்னார்கள். சட்டம் வேறெப்படியும் தீர்ப்பளித்திருக்க முடியாது. அளித்திருந்தால் நாளைக்கு எந்த மகளையும் எந்தத் தகப்பனும் கட்டி இழுத்துவரலாம். வயது வந்தவர் துறவு பூணலாம். ஆனால் பெற்றவரின் துக்கம் மனுவோடு முடிந்துவிடுவதில்லை. சட்டம் நிற்கிற அந்த இடத்தில்தான் நாவலாசிரியனுடைய வேலை தொடங்குகிறது.

அப்படியானால் நல்ல இடத்தையும் மற்றதையும் பிரித்தறிவது எப்படி? நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலாவது, உள்ளே இருந்துகொண்டே குறை சொல்ல முடிகிறதா? எங்கள் புதுச்சேரி ஆசிரமத்தில் நெடுங்காலம் இருந்த பீட்டர் ஹீஸ் என்பவர் 2008 இல் ஸ்ரீ அரவிந்தரின் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். அது குருவைச் சிறுமைப்படுத்துகிறது என்று ஆசிரமவாசிகள் சிலர் கொதித்தார்கள். அவர்மீதும் நிர்வாகத்தின்மீதும் நடவடிக்கை கோரிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 இல் நிர்வாகத்துக்குச் சாதகமாக முடிந்தது. அந்தப் புத்தகத்தின் குணதோஷத்தை இங்கே நான் பேச வரவில்லை. குருவைப் பற்றி ஒருவர் தம் சொந்த மொழியில் எழுதலாமா என்ற கேள்வி ஓர் ஆசிரமத்துக்குள் எழுந்து, எழுதியவரைத் துரத்து என்ற கூக்குரலுக்கு நிர்வாகம் பணியாமல் இருந்ததே, அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். இந்தப் பரீட்சையை எந்த ஸ்தாபனத்துக்கும் வைத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, வெளியே வந்தவரைப் பற்றி உள்ளே என்ன பேசுகிறார்கள்? போய்விட்டவர் எல்லாரும் கோழைகள், துரோகிகள், எதிர்மறை மனிதர்கள் என்றால், அங்கே உள்ளே வரத்தான் வழியுண்டு, வெளியே போக வழியில்லை.

மூன்றாவது, கொடுப்பது யார், வாங்குவது யார்? இதற்கு எங்கள் மண்ணிலேயே ஓர் அளவுகோல் கிடக்கிறது. பாகூரில் கிடைத்த செப்பேடு, ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கனின் காலத்தில் இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் கொடுக்கப்பட்டதைச் சொல்கிறது. படிப்புச் சொல்லித்தரும் இடத்துக்கு ஊர் கொடுத்தார்கள். படிக்க வந்தவனின் ஊரை எழுதி வாங்கவில்லை. கடலூரைத் தாண்டிப் போனால் வடலூர். 1867 மே 23 இல் வள்ளலார் அங்கே தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்து வந்தவனிடம் அங்கே முதல் நிலைச் சோறா, இரண்டாம் நிலைச் சோறா என்று யாரும் கேட்பதில்லை. வள்ளுவரும் இதற்கென்று 'கூடாவொழுக்கம்' என்று ஓர் அதிகாரமே ஒதுக்கி, புலித்தோல் போர்த்துக்கொண்டு பயிர் மேயும் பசுவைக் காட்டியிருக்கிறார். மேயப்படுவது யாருடைய பயிர் என்று பார்ப்பதுதான் நம் வேலை.

கடைசியாக, மொலியேரின் முடிவைப் பற்றி. 'தார்த்துஃப்' நாடகத்தைப் பொதுமேடையில் ஆடக்கூடாதென்று தடுத்திருந்தார்கள். 1669 இல்தான் தடை நீங்கியது. அந்த இறுதி வடிவத்தில், ஒர்கோன் குடும்பம் வீதிக்கு வரப்போகிற நேரத்தில் அரசனுடைய அதிகாரி வருகிறான். ஒர்கோனைக் கைது செய்வான் என்று பயந்திருக்க, தார்த்துஃபைக் கைது செய்கிறான். அரசன் எல்லாம் அறிந்தவன், வஞ்சகம் அவன் கண்ணுக்குத் தப்பாது என்று ஒரு பிரசங்கமும் நடக்கிறது. விமர்சகர்கள் பலர் இதைச் செயற்கையான முடிவு என்றார்கள். நானும் அப்படித்தான் சொல்கிறேன். அரசனைத் திருப்திப்படுத்த எழுதிய முடிவு அது. நிஜத்தில் அதிகாரி வருவதில்லை. வந்தாலும் கட்டடம் எழும்பி, தங்கம் சேர்ந்து, பல வீடுகள் அடகில் மூழ்கிய பிறகு வருகிறான்.

ஆனால் மொலியேர் ஒரு காரியத்தை மட்டும் சரியாகச் செய்தார். தார்த்துஃபின் வேஷத்தைக் கலைத்தது அரசனல்ல. அரசன் தண்டித்ததோடு சரி. கலைத்தவர்கள் அந்த வீட்டார். வாயை மூடு என்று எத்தனை தடவை அதட்டினாலும் பேசிக்கொண்டேயிருந்த வேலைக்காரியும், துரத்தப்பட்டும் பொய் சொல்லாத மகனும், கோபித்துக்கொண்டு பிறந்தகம் போய்விடாமல் கணவனை மேஜைக்கடியில் உட்கார வைத்த மனைவியும்தான். ஒர்கோன் அவர்களைக் கைவிட்டான். அவர்கள் ஒர்கோனைக் கைவிடவில்லை. இந்த நாடகத்தை யாராவது தமிழில் நல்ல கூத்தாக எழுதி, வில்லியனூர்த் தேரடியில் ஓர் இரவு ஆடிக்காட்டினால், நூறு எச்சரிக்கைச் சுவரொட்டிகள் செய்யாத வேலையை அது செய்யும் என்று நான் நம்புகிறேன்.